நிழலில் விளையும் பொன்

கோடை விடுமுறை முடிந்து உதகமண்டலத்திலிருந்து திரும்பும் குடும்பங்களின் மூட்டை முடிச்சுகளை யாராவது கணக்கெடுத்தால், மூன்று பொருள்கள் அவற்றில் தவறாமல் இருக்கக் காணலாம். தைலப் புட்டி ஒன்று. வர்க்கிப் பொட்டலம் ஒன்று. ஈரச் சாக்கில் சுற்றிய ஹைட்ராஞ்ஜியாச் செடி ஒன்று. முதல் இரண்டும் ஒரு மாதத்தில் தீர்ந்துபோகின்றன. அது நியாயந்தான். மூன்றாவதும் அதே ஒரு மாதத்தில் தீர்ந்துபோகிறது. அதுதான் வருத்தம்.

ஹைட்ராஞ்ஜியா என்ற சொல்லுக்குக் கிரேக்க மொழியில் நீர்ப் பாத்திரம் என்று பொருள். அதன் விதைக்கூடு சிறு குடம் போல் இருப்பதால் தாவர சாஸ்திரிகள் அப்படிப் பெயரிட்டார்கள். ஆனால் செடியின் குணத்துக்கும் அந்தப் பெயர் வெகு பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. அகன்று மெலிந்த அதன் இலைகளின் வழியே நீர் ஓயாமல் ஆவியாகிக்கொண்டிருக்கும். வேர் எவ்வளவு குடித்தாலும் போதாது. 1848ஆம் ஆண்டு முதல் மக்ஐவர் என்பவர் திருத்தி அமைத்த உதகைத் தாவரவியல் பூங்கா கடல் மட்டத்திற்கு 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்தக் குளிரிலும் பனியிலும் புளிப்புத் தன்மையுள்ள அந்த மலை மண்ணிலும் ஹைட்ராஞ்ஜியா நீல நீலமாய்ப் பூத்துக் குலுங்குகிறது. அதே செடியைக் கொண்டுவந்து அக்கினி நட்சத்திரத்தில் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே பென்னலூரில் வைத்தால் அது என்ன செய்யும்? பாவம், தலை கவிழ்ந்துகொள்வதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

இந்த ஹைட்ராஞ்ஜியாவுக்கு அமெரிக்காவில் ஓர் ஒன்றுவிட்ட சகோதரி உண்டு. இலை ஓக் மரத்தின் இலையைப் போல வெட்டு வெட்டாக இருக்கும். 1773ஆம் ஆண்டில் புறப்பட்டு அமெரிக்காவின் தென்கிழக்குக் காடுகளில் அலைந்த வில்லியம் பார்ட்ரம் என்னும் இயற்கை ஆராய்ச்சியாளர், 1791ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது பிரயாண நூலில் அதை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். 1999ஆம் ஆண்டில் அலபாமா மாகாணம் அதைத் தன் காட்டு மலராக ஏற்றுக்கொண்டது. பெரிய மரங்களின் அடியில், நிழலில் வாழப் பிறந்த செடி அது. அதில் பொன்னிற இலையுள்ள ஒரு ரகமும் பிற்காலத்தில் கிடைத்தது. இளவேனிலில் இலைகள் புதுக் காசு போல் மின்னும்; கோடையில் இளம் பச்சையாக மாறும்; இலையுதிர் காலத்தில் சிவக்கும். இருண்ட மூலையில் யாரோ விளக்கு ஏற்றி வைத்தாற்போல் இருக்கும். இக்காலத்தில் கைபேசியிலே இதன் படத்தைக் கண்டு, 'இது நம் வீட்டுக்கு வருமா?' என்று ஏங்குகிறவர்கள் பலர்.

வராது. அந்தச் செடி வருஷந்தோறும் ஒரு குளிர்காலம் உறங்கி எழ வேண்டியது. நம் ஊர் மார்கழி அதற்கு ஒரு குட்டித் தூக்கத்துக்குக்கூடக் காணாது. ஆனால் செடியை இறக்குமதி செய்ய முடியாவிட்டாலும் அந்த யோசனையை இறக்குமதி செய்யலாம். அதற்குச் சுங்க வரி கிடையாது. நிழல் விழும் இடத்தைப் பொன்னிற இலைகளால் வெளிச்சமாக்கலாம் என்பதே அந்த யோசனை. அதை நிறைவேற்றப் போதுமான செடிகள் நம்மிடமே இருக்கின்றன.

மரமா, வெளிச்சமா?

பென்னலூர் இன்று பழைய பென்னலூர் அன்று. ஸ்ரீராமாநுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில், சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் ராஜபாட்டையில், ஏரியும் வயலுமாக இருந்த கிராமம் இது. இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டில் மோட்டார் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கிய பின், ஒரகடம் வரையில் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. தொழிற்சாலை வந்தால் தொழிலாளர் வருவார்கள். தொழிலாளர் வந்தால் வீடுகள் வரும். மனைகள் சிறியவை, மதில்கள் உயரமானவை. ஒரு வீட்டின் நிழல் அடுத்த வீட்டு முற்றத்தில் விழுகிறது. இவற்றிடையே முன்னோர் வைத்த ஒரு புங்கமோ, வேம்போ, பூவரசோ தப்பித் தவறி நின்றுகொண்டிருக்கிறது.

அந்த மரத்துக்குத்தான் இப்போது ஆபத்து. "வாத்தியார் ஸார், இந்தப் புங்க மரத்தடியில் ஒரு புல்லும் முளைக்கமாட்டேன் என்கிறது. பெரிய கிளைகளை இறக்கிவிட்டு, ஒரே சிமெண்டுத் தளமாகப் போட்டுவிடலாம் என்று இருக்கிறோம்" என்று அண்டை வீட்டுக்காரர் ஒருவர் நம்மிடம் யோசனை கேட்டார். அவர் மரத்தின் விரோதி அல்ல. தோட்டம் வேண்டும் என்ற ஆசையினால்தான் மரத்தை வெட்ட நினைக்கிறார்! தோட்டம் என்றால் ரோஜாவும் மல்லிகையும். அவற்றுக்கு வெயில் வேண்டும். வெயிலுக்கு மரம் தடை. இப்படிப் போகிறது தர்க்கம். இந்த ஒரு தர்க்கத்தால் விழுந்த மரங்களை எண்ணி முடியாது.

சித்திரை வைகாசியில் சிமெண்டுத் தளத்தின் மீது பகல் பன்னிரண்டு மணிக்கு வெறுங்காலோடு நின்று பார்த்தவர்களுக்கு அந்த மரத்தின் விலை தெரியும். மரம் வெயிலை மறைப்பதோடு நிற்பதில்லை. இலைகளின் வழியே நீரை ஆவியாக்கிச் சுற்றிலுமுள்ள காற்றையும் குளிர்விக்கிறது. ஐம்பது ஆண்டு வளர்ந்த மரத்தை ஐம்பது நிமிஷத்தில் சாய்த்துவிடலாம். திரும்பப் பெறுவதற்கு மறுபடியும் ஐம்பது ஆண்டு வேண்டும். ஆகவே நிழலைத் தொலைப்பதற்கு வழி தேடுவதைவிட, நிழலில் வாழும் செடியைத் தேடுவதே குடும்பத்துக்கு நல்லது.

பொன்னின் ரகசியம்

பொன்னிற இலை எப்படி உண்டாகிறது என்பதைச் சற்றே தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகிவிடும். எல்லா இலைகளிலும் பச்சையம் என்னும் பொருள் இருக்கிறது. சூரிய ஒளியைக் கொண்டு செடிக்கு உணவு சமைப்பது அதுதான். அதோடு, காரட்டுக்கும் மக்காச்சோளத்துக்கும் நிறம் தரும் வர்க்கத்தைச் சேர்ந்த மஞ்சள் பொருள்களும் இலையில் உண்டு. பச்சையம் மிகுதியாக இருக்கும்போது மஞ்சள் வெளியே தெரிவதில்லை. சில செடிகளில் பச்சையம் பிறவியிலேயே குறைவு. அப்போது மறைந்திருந்த மஞ்சள் தலை காட்டுகிறது. அதுவே நாம் போற்றும் பொன்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் தாமாகவே விளங்கும். முதலாவது, பச்சையம் குறைந்த இலை உச்சி வெயிலின் வேகத்தைத் தாங்காமல் ஓரம் கருகும். இரண்டாவது, ஒளி மிகவும் குறைந்துவிட்டால் பல செடிகள் கிடைத்த ஒளியையெல்லாம் பிடித்துக்கொள்ளப் பச்சையத்தைப் பெருக்கிக்கொள்ளும். பொன் மங்கிப் பச்சையாகிவிடும். மூன்றாவது, பொன் செடியில் எப்போதாவது முழுப் பச்சைக் கிளை ஒன்று கிளம்பினால் அது மற்றக் கிளைகளைவிட வேகமாக வளர்ந்து செடி முழுவதையும் கைப்பற்றிவிடும். அத்தகைய கிளையைக் கண்டவுடன் அடியோடு நறுக்கிவிட வேண்டும். இதில் தயவு தாட்சணியம் கூடாது.

தொழிற்சாலை வாயில்களிலும் சாலை நடுவிலும் மஞ்சள் வேலியாகக் கத்தரித்து விட்டிருக்கும் டுராண்டாச் செடியைப் பலர் ஆசையோடு கொண்டுவந்து மரத்தடியில் நடுகிறார்கள். அது நேர் வெயிலில்தான் பொன். நிழலில் வெறும் பச்சை. எல்லாப் பொன்னும் ஒரே குணமுடையதல்ல.

எவ்வளவு நிழல்?

நிழல் என்ற ஒரே சொல்லில் பல ஜாதிகள் அடங்கியிருக்கின்றன. முருங்கையின் நிழல் சல்லடை. புங்கத்தின் நிழல் கம்பளம். இரண்டு மதில்களுக்கு நடுவே உள்ள சந்தின் நிழல் கிணற்றின் அடி. இதை அளக்கக் கருவி ஒன்றும் வேண்டாம். நடுப்பகலில் ஒரு வெள்ளைக் காகிதத்தைச் செடி வைக்கும் இடத்தில் வைத்து, ஒரு முழ உயரத்தில் கையை நீட்டிப் பாருங்கள். விரல்கள் ஐந்தும் தெளிவாகத் தெரியும்படி நிழல் விழுந்தால் அங்கே ஒளி அதிகம். கை என்று தெரிந்தும் விரல்கள் கலங்கித் தெரிந்தால் அதுதான் பொன் இலைக்கு ஏற்ற இடம். நிழலே விழவில்லையென்றால் அந்த இடத்தில் ஒளி போதாது. அங்கே அம்மிக்கல்லை வைத்துக்கொள்ளலாம். இந்தச் சோதனையைத் தை மாதத்தில் ஒரு முறையும் வைகாசியில் ஒரு முறையும் செய்வது நலம். சூரியன் நடக்கும் பாதை மாறுவதால், தையில் நிழலாயிருந்த இடம் வைகாசியில் அடுப்பாகிவிடக்கூடும்.

யாரை அழைக்கலாம்?

முதலில் குரோட்டன்ஸ். மலாய்த் தீவுகளின் பக்கத்திலிருந்து வந்த இந்தச் செடி நம் வீட்டு வாசல்களில் தலைமுறை தலைமுறையாக நின்று பழகிவிட்டது. பச்சையில் பொன்துகள் தெளித்தாற்போன்ற ரகமும், நடுநரம்பு மட்டும் பொன்னாக ஓடும் ரகமும் நம் நோக்கத்துக்கு ஏற்றவை. காலை வெயில் இரண்டு மணி நேரமாவது பட்டால் நிறம் நன்றாய் ஏறும். இடம் மாற்றினால் இதற்குக் கோபம் வந்துவிடும். இலைகளையெல்லாம் உதிர்த்துக்கொண்டு நிற்கும். செத்துப்போயிற்றென்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். தண்டைக் கீறிப் பார்த்து உள்ளே பசுமை இருந்தால், அளவாக நீர் விட்டுப் பொறுத்திருங்கள், துளிர்த்துவிடும். விண்பதியன் போட்டால் ஒரு தாய்ச் செடியிலிருந்து பல குழந்தைகள் கிடைக்கும்.

இரண்டாவது கோலியஸ். நம் வீட்டுக் கற்பூரவல்லிக்கு இது நெருங்கிய சொந்தம்; துளசிக்கும் அதே குடும்பம்; தண்டு நான்கு பட்டையாக இருப்பதைத் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். எலுமிச்சைப் பொன்னிறமுள்ள கோலியஸ் மரத்தடி நிழலில் அபாரமாக ஒளிரும். ஒரு சாண் கிளையை ஒடித்துத் தண்ணீர்த் தம்ளரில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வேர் விடும். குழந்தைகளுக்குத் தாவர சாஸ்திரம் கற்பிக்க இதைவிட மலிவான ஆசான் இல்லை. பூங்கதிர் கிளம்பும்போதே கிள்ளிவிட வேண்டும். பூத்துவிட்டால் செடி கிழடு தட்டிவிடும்.

மூன்றாவது மணி பிளாண்ட். பணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தமிழில் 'மணி' ஆகிவிட்டதால் பலர் இதை ஏதோ நவமணிகளோடு சம்பந்தப்படுத்துகிறார்கள். பசிபிக் சமுத்திரத்தின் நடுவே மூரியா என்னும் தீவு இதன் பூர்விகம். இது பூத்துப் பார்த்தவர்கள் அபூர்வம். பூப்பதற்கு வேண்டிய வளர்ச்சிப் பொருளை இந்தச் செடியால் தயாரிக்க முடியவில்லை என்று 2016ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். தொங்கவிட்டால் இலை உள்ளங்கை அளவு. பற்றி ஏறவிட்டால் முறத்தளவு. மற்றச் செடிகள் மறுக்கும் மூலையிலும் இது வாழும். ஆனால் அங்கே பொன் கோடுகள் மங்கிப்போகும். வெட்டிய கொடிகளை ஏரிக் கரையில் எறிவது மட்டும் கூடாது. வேர்விட்டு அந்த இடத்தையே மூடிவிடும்.

நான்காவது பொன் ஓரமுள்ள மருள். நாட்டு மருளின் நாரை வில் நாணுக்குத் திரித்தார்கள் நம் முன்னோர். பொன் ஓரமுள்ளது அதன் ஆப்பிரிக்க உறவினர். வாரக் கணக்கில் நீர் விட மறந்தாலும் கோபிக்காது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இலையைத் துண்டு துண்டாக நறுக்கி நட்டால் முளைக்கும்; ஆனால் முளைக்கிற குட்டிக்குப் பொன் ஓரம் இராது! கிழங்கோடு பிரித்து நட்டால்தான் தாயின் நிறம் குழந்தைக்கு வரும்.

ஐந்தாவது 'சாங் ஆஃப் இந்தியா' என்று நர்சரிக்காரர்கள் விற்கும் டிரசீனா. பெயரில் இந்தியா இருந்தாலும் இதன் பிறப்பிடம் மடகாஸ்கர், மொரீஷியஸ் முதலிய தீவுகள். நம் தமிழர்கள் கப்பலேறிப் போய்க் கரும்பு வெட்டிய மொரீஷியஸிலிருந்து இந்தியாவின் பெயரைத் தாங்கி ஒரு செடி நம் வீட்டுக்கு வருவதைத் தடுப்பானேன்? ஈரம் தங்கும் இடமாயிருந்தால் இதனோடு பொன் வரியோடிய அலங்கார அரத்தையையும் வைக்கலாம். சித்த வைத்தியத்தில் பேர் பெற்ற சிற்றரத்தையின் இனம் அது.

மண்ணும் நீரும்

மரத்தடியில் குழி தோண்டி நடுவது பெரிய தவறு. மரத்தின் உணவு வேர்கள் மேல் மண்ணிலேதான் படர்ந்திருக்கின்றன. தோண்டினால் மரத்துக்குச் சேதம். நட்ட செடிக்கோ மரத்தோடு நீருக்குச் சண்டை. தொட்டிகளில் வைப்பதே இரு தரப்புக்கும் சமாதானம். தொழிற்சாலை உத்தியோகத்தின் பொருட்டு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை வாடகை வீடு மாறும் குடும்பங்களுக்கும் இதுவே சௌகரியம். தோட்டமும் கூடவே வண்டியேறி வந்துவிடும்.

செம்மண், மணல், மட்கிய எரு மூன்றும் சம பாகம் கலந்தால் போதும். எருவுக்கு எங்கும் போக வேண்டாம். மரம் உதிர்க்கும் சருகைக் கூட்டிக் கொளுத்தும் வழக்கம் இருக்கிறதே, அது கையில் உள்ள காசைக் கொளுத்துவதற்குச் சமம். ஒரு மூலையில் சருகைக் குவித்து, அவ்வப்போது ஈரமாக்கி வந்தால் அடுத்த ஆண்டுக்குள் கறுத்து மணக்கும் இலை மட்கு தயார். இந்தப் பக்கத்துப் பூமிக்கு இலைகளைப் பாதுகாப்பது புதிய தொழிலும் அல்ல. ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகள் என்று புவியியல் வல்லுநர் பெயரிட்டிருக்கும் பாறை அடுக்குகளில், பத்துக் கோடி ஆண்டுக்கு முற்பட்ட இலைகளின் சுவடு அச்சடித்தாற்போல் இருக்கிறது. அவ்வளவு காலம் இலையைக் காப்பாற்றிய மண்ணில் நாம் ஓராண்டுக்கு ஒரு குவியலைக் காப்பாற்றக் கூடாதா?

ஆடிப் பட்டத்தில் கிளைகளை வெட்டி நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் ஊன்றிவிடும். நிழலில் ஈரம் சீக்கிரம் காயாது. ஆகையால் விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் நீர் வாருங்கள். நிழல் செடிகள் பலவற்றுக்கு யமனாக வருவது வெயிலல்ல. அன்பு மிகுந்து வாரும் தண்ணீர்தான்.

பொன்னா, காமாலையா?

பொன் இலைகளை வளர்ப்பவர்கள் கட்டாயம் அறியவேண்டியது ஒன்று உண்டு. பிறவிப் பொன் வேறு, நோயின் மஞ்சள் வேறு. பிறவிப் பொன் இலை விறைப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கும். இளம் இலை வெளுத்து, நரம்புகள் மட்டும் பச்சை வலை போலத் தெரிந்தால், செடிக்கு இரும்புச் சத்து எட்டவில்லை என்று பொருள். ஆழ்துளைக் கிணற்று நீர் தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் பூச்சாகப் படிகிற வீடுகளில் இது சகஜம். அந்த நீரின் சுண்ணாம்பு இரும்பைக் கரையவிடாமல் தடுத்துவிடுகிறது. 2003ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பு இங்கே கைகொடுக்கும். மூடி வைத்த பீப்பாயில் கொஞ்சம் மழைநீரைப் பிடித்து வைத்துச் செடிக்கு வாருங்கள். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளித்தால் பசி, எரு வேண்டும். எல்லா இலையும் ஒருங்கே மஞ்சளித்துத் தளர்ந்து, மண் சேறாக இருந்தால் வேர் அழுகுகிறது. நீரை உடனே நிறுத்த வேண்டும். மாவுப் பூச்சி பிடித்தால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்பும் கலந்து, மாலை வேளையில் தெளிக்கலாம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். மணி பிளாண்ட், கருணைக்கிழங்கும் சேம்பும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது. கருணையைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் நாக்கு எப்படி அரிக்கும் என்பது நம் வீட்டுப் பெண்மணிகளுக்குத் தெரியும். அதே ஊசிப் படிகங்கள் இதன் இலையிலும் இருக்கின்றன. குரோட்டன்ஸின் பாலும் தோலைப் புண்ணாக்கக்கூடும். தவழும் குழந்தைக்கும் கன்றுக்கும் ஆட்டுக்கும் எட்டாத உயரத்தில் வைப்பது அவசியம். அடுத்தது, தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் தெளிந்த நீரில்தான் டெங்கு ஜுரத்தைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு முறை தட்டுகளைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுவதை ஒரு விரதமாகவே கொள்ள வேண்டும்.

இத்தனை செடிகளில் எதுவும் உதகை ஹைட்ராஞ்ஜியாவைப் போல் நீலப் பூக்கொத்துக் காட்டாது. அதைப் பார்க்க வேண்டுமானால் மலைக்குப் போவோம். கண் நிறையப் பார்த்துவிட்டு, அதை அங்கேயே விட்டு வருவோம். பென்னலூரின் முற்றத்தில் நாம் கேட்பது வேறு. மாலையில் வேலை முடிந்து வருகிறவருக்குச் சற்றே குளிர்ந்த காற்று. குழந்தைகள் உட்கார்ந்து படிக்க ஓர் இடம். அந்த இடம் இருண்டிராமல் இருக்கப் பத்துத் தொட்டி பொன் இலைகள். இவற்றுள் இலைகளைக் காசு கொடுத்து வாங்கலாம். பக்கத்து வீட்டில் கிளை ஒடித்து இலவசமாகவும் பெறலாம். நிழலை மட்டும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதை வைத்திருப்பவர்கள் அரிவாளைத் தூக்குமுன் ஒரு கணம் நிமிர்ந்து மரத்தைப் பார்க்கட்டும்.